கார்ப்பென்ட்ரீஸ் பயிற்றுநர் பயிற்சி: ஜூனியர் கையில் கீபோர்டை விட்டுவைக்கப் பழக்கும் வகுப்பு

கம்ப்யூட்டேஷனல் சயின்ஸில் பிஎச்டி சேர்ந்து மூன்றாம் வருடம் பிறந்ததும், யாரும் ஆர்டர் போடாமலே ஒரு வேலை உங்கள் தலையில் வந்து உட்கார்ந்துவிடும். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை. பேராசிரியர் ஆராய்ச்சி நிதி கேட்டு கிராண்ட் எழுதிக்கொண்டிருப்பார். போஸ்ட்டாக் (பிஎச்டி முடித்துவிட்டுத் தற்காலிகமாக ஆராய்ச்சி செய்கிறவர்) அடுத்த வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருப்பார். ஆக, கிளஸ்டரில் (பல கணினிகளை இணைத்த பெரிய கணினி) லாகின் செய்வது எப்படி என்பதில் தொடங்கி இந்த கிராஃப் ஏன் இப்படி வளைகிறது என்பதுவரை எல்லாக் கேள்விகளும் உங்கள் மேசைக்குத்தான் வரும். இதற்கு ஒரு நாள் பயிற்சிகூட யாரும் தருவதில்லை. 'நல்லா கோட் எழுதுறல்ல, அப்ப நல்லா சொல்லியும் கொடுப்ப' என்று ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான்.

அந்த நம்பிக்கையில் எனக்கு நம்பிக்கை இல்லாததால் தேடிப்போய் எடுத்தது, தி கார்ப்பென்ட்ரீஸ் அமைப்பு நடத்தும் பயிற்றுநர் பயிற்சி. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒருவருக்கு ஒரு விஷயத்தைப் புரியவைக்கும் மென்டரிங்குக்கு இதைவிட நல்ல பயிற்சியை நான் பார்த்ததில்லை. ஒரு மாணவரை ஐந்து வருடம் கைபிடித்துக் கூட்டிப்போகும் மென்டரிங்குக்கு இது போதாது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான்.

நான் திருச்சிக்காரி. அமெரிக்காவின் மிட்வெஸ்ட் பகுதியில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாலிமர்களை வைத்து மாலிக்யூலர் டைனமிக்ஸ், அதாவது அணுக்கள் எப்படி நகர்கின்றன என்று கணினியில் கணக்கிடும் வேலை, செய்கிறேன். பெரும்பாலும் அதற்கான லாம்ப்ஸ் மென்பொருள், கொஞ்சம் பைத்தான், கிளஸ்டரின் கியூவில் வேலையைப் போட நிறைய ஸ்லர்ம் ஸ்கிரிப்ட். ஒவ்வொரு கோடையிலும் எங்கள் லேபுக்கு இளநிலை மாணவர்கள் வருவார்கள். தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஆர்இயு என்ற இளநிலை மாணவர் ஆராய்ச்சித் திட்டத்தில் வருகிறவர்களுக்குப் பொதுவாகப் பத்து வாரம்தான் நேரம். அதில் முதல் இரண்டு மூன்று வாரம் டெர்மினலில் கமாண்ட் அடிப்பது, எஸ்எஸ்ஹெச் வழியாக கிளஸ்டருக்குள் போவது, மாட்யூல் லோட் செய்து மென்பொருளை எடுப்பது என்றே போய்விடும். மிச்சமிருக்கிற நாட்களில் ஆராய்ச்சி செய்து, போஸ்டர் போட்டு, 'எனக்கு இந்தத் துறை பிடிக்குமா' என்றும் அவர்கள் முடிவெடுத்தாக வேண்டும். அந்த மூன்று வாரத்தை ஒரு வாரமாகக் குறைக்க முடியுமா என்று பார்க்கத்தான் இந்தப் பயிற்சிக்குப் போனேன்.

அமைப்பைப் பற்றிச் சுருக்கமாக: 1998-ல் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தில் கிரெக் வில்சனும் பிரென்ட் கோர்டாவும் விஞ்ஞானிகளுக்கு நிரலெழுதக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்ததுதான் சாஃப்ட்வேர் கார்ப்பென்ட்ரி. பின்னால் டேட்டா கார்ப்பென்ட்ரி என்று இன்னொன்று வந்தது. 2018-ல் இரண்டும் சேர்ந்து தி கார்ப்பென்ட்ரீஸ் ஆனது. நூலகர்களுக்கான லைப்ரரி கார்ப்பென்ட்ரியும் அந்த வருடமே அதில் இணைந்தது. ஷெல் (கமாண்ட் அடித்துக் கணினியை இயக்குவது), கிட் (நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைப்பது), பைத்தான், ஆர் ஆகிய நிரல் மொழிகள் என்று இரண்டு நாள் பயிலரங்குகள் நடத்துவதுதான் இவர்களின் முக்கிய வேலை. அந்தப் பயிலரங்கில் பாடம் எடுக்கப்போகிறவர்களைத் தயார்செய்வதுதான் நான் சொல்லும் பயிற்சி. இதில் நிரல் எழுதக் கற்றுத்தர மாட்டார்கள். நிரல் உங்களுக்கு ஏற்கெனவே ஓரளவு தெரியும் என்று எடுத்துக்கொள்வார்கள்.

வகுப்பு ஜூமில்தான். இரண்டு முழு நாள், அல்லது நான்கு அரை நாள். அரை நாள் வகையை எடுங்கள். முழு நாள் ஜூம் என்பது யார் நடத்தினாலும் மதியத்துக்கு மேல் தலைக்குள் இறங்காது. அப்புறம், கேமராவை அணைத்துவிட்டுப் பின்னணியில் ஓடவிடலாம் என்று நினைக்காதீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஏதாவது எழுதவோ, சின்னக் குழுவில் பேசவோ, அந்தக் குழு பேசியதை எல்லோருக்கும் சொல்லவோ வேண்டியிருக்கும்.

முதல் நாளில் ஒரு கணக்கு கொடுத்தார்கள். 37-ம் 15-ம் கூட்டினால் எவ்வளவு? விடைகள்: 52, 42, 412, 43. பிஎச்டி மாணவர்கள், போஸ்ட்டாக்குகள், ஒரு நூலகர் என்று உட்கார்ந்திருந்த கூட்டத்தில் லேசாகச் சிரிப்பு. உண்மையான கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது: தப்பான ஒவ்வொரு விடையையும் சொல்லும் குழந்தையின் மனதில் என்ன ஓடுகிறது? 42 என்ற குழந்தை கைவசம் வைத்த ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டது. 412 என்ற குழந்தைக்கு ஒன்றின் இடமும் பத்தின் இடமும் தனித்தனிக் கணக்கு. ஏழும் ஐந்தும் பன்னிரண்டு, மூன்றும் ஒன்றும் நான்கு, இரண்டையும் பக்கத்தில் எழுதிவிட்டது. 43 என்றது, கைவசம் இருக்கும் ஒன்றை எங்கேயாவது சேர்க்க வேண்டும் என்று தெரிந்த குழந்தை. ஆனால் அது பத்து என்று தெரியாமல் அதே இடத்திலேயே திரும்பக் கூட்டிவிட்டது. மூன்றும் தப்பு. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. 'தப்பு, மறுபடி போடு' என்றால் மூன்று பேருக்குமே உதவாது.

பார்க்கச் சாதாரணமாக இருக்கும் இந்த விஷயம்தான் மொத்தப் பயிற்சியிலும் எனக்கு அதிகம் பயன்பட்டது. ஊருக்கு ஏற்ற மாதிரி நானும் ஒரு கேள்வி செய்தேன். இப்போது லேபுக்கு வரும் எல்லோரிடமும் இரண்டாம் வாரம் இதைக் கேட்கிறேன்: 4,000 அணுக்கள் உள்ள ஒரு செப்புப் பெட்டியின் சிமுலேஷன், ஒரு கோரில் (சிப்பில் கணக்குப் போடும் ஒரு பகுதி) எட்டு மணி நேரம் ஓடுகிறது. 64 கோர் கேட்டால் எவ்வளவு நேரம் ஓடும்? ஒன்று, ஏழரை நிமிடம். இரண்டு, அதே எட்டு மணி நேரம். மூன்று, ஏழரை நிமிடத்துக்கு மேல், எட்டு மணி நேரத்துக்குள். நான்கு, எட்டு மணி நேரத்துக்கும் மேல்.

ஏழரை நிமிடம் என்கிறவர் எட்டு மணி நேரத்தை 64-ஆல் வகுத்திருக்கிறார். அவரிடம் கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-லேயே சொன்ன விஷயத்தைப் பேச வேண்டும்: பிரித்துக் கொடுக்க முடியாத பகுதி கொஞ்சம் இருந்தாலும் அதுதான் கடைசியில் வேகத்தைக் கட்டிப்போடும். கூடவே, கோருக்கு 62 அணு என்றால் கணக்குப் போடும் நேரத்தைவிடப் பக்கத்துக் கோரோடு பேசும் நேரமே அதிகமாகிவிடும் என்பதையும் காகிதத்தில் படம் போட்டுக் காட்டலாம். 'அதே எட்டு மணி நேரம்' என்கிறவருக்கு, ஒரு நிரல் பல கோர்களில் எப்படிப் பிரிகிறது என்ற படமே மனதில் இல்லை என்று அர்த்தம். அல்லது அவர் நம்மைவிடக் கெட்டிக்காரர். எம்பிஐ (கோர்கள் ஒன்றோடொன்று பேச உதவுவது) சேர்க்காமல் கம்பைல் செய்த நிரலை 64 என்று கொடுத்து ஓட்டினால், ஒரே கணக்கின் 64 பிரதிகள் ஒரே ஃபைலில் எழுதிக்கொண்டு கிடக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கலாம். கேட்டுப் பார்த்தால்தான் தெரியும். போன கோடையில் ஒரு மாணவி நான்காவது விடையைச் சொன்னாள். ஏன் என்றால், "கியூவில் காத்திருக்கிற நேரத்தையும் சேர்த்தேன்" என்கிறாள். அவளுக்கு நான் சொல்லிக்கொடுக்க எதுவும் இல்லை!

இந்த மாதிரி ஒரு கேள்வியைச் செய்ய ஒரு மணி நேரம் பிடிக்கும். தப்பான விடைகளை யோசிப்பதுதான் கஷ்டம். நமக்கு விடை தெரிந்து பல வருடம் ஆகிவிட்டது. தெரியாத காலத்தில் நாம் எப்படி யோசித்தோம் என்பது நினைவிலேயே இல்லை. பயிற்சியில் இதற்கென்று ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். நிபுணருக்கு விஷயங்கள் ஒன்றோடொன்று நெருக்கமாகப் பின்னிக் கிடப்பதால் இடையில் உள்ள படிகளை அவர் தாண்டிக் குதித்துவிடுகிறார், குதித்தது அவருக்கே தெரிவதில்லை என்பது சாரம். நினைவாற்றல் பற்றியும் வருகிறது. மனதில் ஒரே சமயத்தில் ஏழு, கூட்டிக் குறைத்து இரண்டு, விஷயம்தான் நிற்கும் என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-ல் எழுதியதையும், பின்னால் வந்தவர்கள் அதை இன்னும் குறைத்ததையும் சொல்வார்கள். ஒரு புதிய ஆளுக்கு எஸ்எஸ்ஹெச், ஸ்லர்ம், மாட்யூல், விம் என்ற எடிட்டர் நான்கையும் ஒரே மதியத்தில் காட்டினால் ஏன் எதுவும் தங்குவதில்லை என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அடுத்து கீபோர்டு. கற்கிறவரின் கீபோர்டை ஒருபோதும் தொடாதே என்பது இவர்கள் அழுத்திச் சொல்லும் விதி. கேட்கும்போது எளிது. நான் சேர்ந்த வருடம் ஒரு சீனியர் இருந்தார், தங்கமான மனிதர். சந்தேகம் என்று போனால் நாற்காலியை நகர்த்திவிட்டுத் தடதடவென்று இருபது கமாண்ட் அடிப்பார். கணக்கு ஓடும். "பாத்தியா, ஈஸிதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். மறுநாள் அதே இடத்தில் நான் மறுபடி நிற்பேன், இந்த முறை கேட்கவும் கூச்சமாக இருக்கும். 'ஈஸிதான்', 'ஒரு வரிதான்' போன்ற பேச்சை விடச்சொல்லிப் பயிற்சியில் தனியாகச் சொல்கிறார்கள். சுலபம் என்று சொன்ன பிறகும் புரியாவிட்டால், குறை தன்னிடம்தான் என்று கேட்பவர் முடிவுகட்டிவிடுவார். எக்ஸெல் பயன்படுத்துகிறவரைக் கேலி செய்யாதே என்றும் உண்டு. எங்கள் துறையில் இது ரொம்பத் தேவையான அறிவுரை.

கீபோர்டு விதி எப்படி வேலை செய்கிறது என்று ஒரு உதாரணம். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஜூனியர் ஒருவன், முதலாம் ஆண்டு. அந்தச் செப்புப் பெட்டியைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். தொடங்கியதும் 'லாஸ்ட் ஆட்டம்ஸ்' என்று பிழை காட்டி நின்றுவிடுகிறது. அணுக்கள் காணாமல் போய்விட்டன என்று லாம்ப்ஸ் சொல்கிறது. அவன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அக்கா, நீங்களே ஒரு தடவ பாத்து சரி பண்ணிடுங்களேன். எனக்கு நைட்டுக்குள்ள ஓடணும்."

"நான் பாக்கறேன், நீ அடி. மொதல்ல யூனிட்ஸ் என்ன வச்சிருக்க, படி."

"மெட்டல்."

"டைம்ஸ்டெப்?"

"ஒன் பாயிண்ட் ஜீரோ. உங்க பாலிமர் ஸ்கிரிப்ட்ல அதானக்கா இருந்துச்சு?"

"அந்த ஸ்கிரிப்ட்ல யூனிட்ஸ் என்ன?"

அவன் என் ஸ்கிரிப்டைத் திறந்தான். 'ரியல்' என்று இருந்தது. மேனுவலில் யூனிட்ஸ் பக்கத்தை அவனே தேடி எடுத்தான். ரியலில் நேரம் ஃபெம்டோ செகண்ட், மெட்டலில் பைக்கோ செகண்ட். ஒரு ஃபெம்டோ செகண்ட் என்று நினைத்து ஆயிரம் மடங்கு பெரிய நேர அடியை எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறான். அணுக்கள் பெட்டியைவிட்டுப் பறக்காமல் என்ன செய்யும். "அடக் கடவுளே" என்று அவனே 0.001 என்று மாற்றினான். மொத்தம் இருபது நிமிடம். நான் அடித்திருந்தால் இருபது நொடி. ஆனால் அதற்கப்புறம் யூனிட்ஸ் சந்தேகத்தோடு அவன் என்னிடம் வந்ததில்லை. போன செமஸ்டரில் வேறொரு மாணவனிடம் "யூனிட்ஸ் என்னன்னு படி" என்று அவன் சொல்வது என் காதில் விழுந்தது.

எந்நேரமும் இப்படி இருக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். மாநாட்டுச் சுருக்கம் அனுப்ப நான்கு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் கீபோர்டைப் பிடுங்கத்தான் வேண்டும். பயிற்சி இந்த மாதிரி நிலைமையைப் பேசுவதில்லை. அது இரண்டு நாள் பயிலரங்கை மனதில் வைத்துச் செய்தது. அங்கே யாருக்கும் கெடு இல்லை.

பாடம் எடுத்துப் பழகுவதும் உண்டு. மூன்று மூன்று பேராகப் பிரித்து, ஆளுக்கு மூன்று நிமிடம் திரையில் தட்டச்சு செய்துகொண்டே சொல்லிக்கொடுக்க வேண்டும். ஸ்லைடு கிடையாது. மற்ற இருவரும் கருத்து சொல்ல வேண்டும், அதற்கு ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள்: ஒரு பக்கம் உள்ளடக்கம், வழங்கிய விதம், இன்னொரு பக்கம் நன்றாக இருந்தது, மாற்ற வேண்டியது. நான்கு கட்டத்தையும் நிரப்பியாக வேண்டும். வேண்டுமென்றே மோசமாகப் பாடம் எடுக்கும் ஒரு வீடியோவை முதலில் போட்டு அதில் பழக்குவார்கள். அது நல்ல உத்தி. வீடியோவில் இருப்பவரைக் குறை சொல்ல யாருக்கும் தயக்கம் இருக்காது.

நம் ஊரில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு இந்தப் பகுதி கொஞ்சம் நெளிய வைக்கும். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து 'இந்த இடத்தில் நீங்கள் வேகமாகப் போனீர்கள்' என்று சொல்ல நாம் பழகவில்லை. 'ரொம்ப நல்லா இருந்துச்சு' என்று முடித்துவிடுவோம், அல்லது கண்காணிப்பாளர் மாதிரி பொரிந்து தள்ளிவிடுவோம். கட்டம் இருப்பதால் இரண்டுக்கும் வழியில்லை. இந்தக் கட்டத்தை அப்படியே எங்கள் லேபின் வாராந்திரக் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். பேச்சுப் பயிற்சி எடுக்கும் மாணவருக்கு ஆளுக்கொரு காகிதத்தில் நான்கு கட்டம். எங்கள் பேராசிரியர் முதலில் புருவத்தைத் தூக்கினார். இப்போது அவர் பேச்சுக்கும் நாங்கள் கட்டம் போடுகிறோம்.

பயிற்சி முடிந்ததும் சான்றிதழ் கைக்கு வந்துவிடாது. சமூகத்தில் ஏதாவது ஒரு பங்களிப்பு, ஒரு அறிமுகக் கூட்டம், ஐந்து நிமிட டெமோ என்று மூன்றையும் சுமார் மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும். டெமோவில் ஒரு பிடி வைத்திருக்கிறார்கள். பாடத்தை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் அதில் எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்பதை அவர்கள்தான் சொல்வார்கள். ஆகவே முழுப் பாடத்தையும் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

பாடங்களைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை, ஏனென்றால் பயிற்சிக்குப் போகாதவர்களுக்கும் அவை கிடைக்கும். எல்லாம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இணையத்தில் இலவசம். எடுத்து மாற்றி நம் லேபுக்கு ஏற்ற மாதிரி எழுதிக்கொள்ளலாம். ஷெல் பாடத்தில் நெல் நீமோ என்று ஒரு கடல் உயிரியலாளர். வட பசிபிக் பகுதியில் எடுத்த 1,520 மாதிரிகளை ஒரு நிரலுக்குள் ஒவ்வொன்றாகக் கொடுக்க முடியாமல் தவிப்பார். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் 'ஃபார்' லூப்பே அவருக்காகத்தான் வருகிறது. ஷெல் எதற்கு என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. கிட் பாடத்தில் முன்பு டிராகுலாவும் வுல்ஃப்மேனும் செவ்வாய்க்கு விண்கலம் அனுப்பத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது குவாக்கமோலே செய்முறையை வைத்து எழுதியிருக்கிறார்கள். எனக்கு டிராகுலாவைத்தான் பிடித்திருந்தது.

பைத்தான் பாடம்தான் இருப்பதிலேயே உசத்தி. 60 நோயாளிகள், 40 நாட்கள், மூட்டு வீக்க அளவுகள். ஃபைலைப் படிக்கிறோம், சராசரி எடுக்கிறோம், கிராஃப் போடுகிறோம். அதிகபட்ச அளவு நேர்கோட்டில் ஏறி நேர்கோட்டில் இறங்குகிறது. குறைந்தபட்சமோ படிக்கட்டு மாதிரி இருக்கிறது. மனித உடம்பு அப்படி நடந்துகொள்ளாதே! தரவில் ஏதோ கோளாறு என்ற சந்தேகம் மாணவருக்குத் தானாகவே வந்துவிடும். நான் ஆர்இயு மாணவர்களோடு இந்தப் பாடத்தைச் செய்யும்போது அந்த கிராஃப் வந்ததும் வாயை மூடிக்கொள்கிறேன். யாராவது ஒருவர் "இது கொஞ்சம் விநோதமா இருக்கே" என்று சொல்லும்வரை பேசுவதில்லை. ஆராய்ச்சி நேர்மை பற்றிப் பல்கலைக்கழகம் கட்டாயமாகப் பார்க்கச் சொல்லும் வீடியோக்களைவிட இது ஆழமாகப் போய்ச் சேர்கிறது.

தலைமைப் பண்பு என்று விண்ணப்பங்களில் கேட்பார்களே, அது இந்தப் பயிற்சியில் பாடமாக வராது. பயிலரங்கு நடத்தும்போதுதான் வரும். அறை பிடிக்க வேண்டும். அந்த அறையில் எல்லோருக்கும் பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும். விண்டோஸ் லேப்டாப்காரர்களுக்கு முந்தின நாளே கிட் பாஷ் (விண்டோஸில் ஷெல் தரும் மென்பொருள்) ஏற்றிவைக்க வேண்டும். உதவிக்கு நான்கைந்து பேரைப் பிடிக்க வேண்டும், அவர்களும் கீபோர்டைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கற்கிறவர்களுக்கு இரண்டு நிறத்தில் ஒட்டும் காகிதம் கொடுப்பது கார்ப்பென்ட்ரீஸின் வழக்கம்: முடித்துவிட்டேன் என்றால் ஒரு நிறம், உதவி வேண்டும் என்றால் இன்னொன்று, லேப்டாப் மூடியின் பின்புறம் ஒட்ட வேண்டும். கை தூக்கக் கூச்சப்படும் நம் பிள்ளைகளுக்கும் சீனப் பிள்ளைகளுக்கும் இது பெரிய வரம். ஆள் வாயைத் திறக்காமலே உதவி வந்து சேர்கிறது. நாள் முடிவில் அதே காகிதத்தில் பிடித்தது ஒன்று, பிடிக்காதது ஒன்று எழுதி வாங்க வேண்டும். நான் முதலில் எடுத்த பயிலரங்கில் வந்த காகிதங்களில் பாதி, 'அறை குளிர்கிறது'.

இந்த வகை அனுபவம் நம்மைப் போன்ற எஃப்-1 மாணவர் விசாக்காரர்களுக்கு ஏன் முக்கியம் என்றும் சொல்ல வேண்டும். எங்கள் துறையில் அமெரிக்க மாணவர்களுக்கு எரிசக்தித் துறையின் சிஎஸ்ஜிஎஃப் ஃபெலோஷிப் ஒன்று உண்டு. 1991-ல் தொடங்கியது. நான்கு வருடம்வரை பணம், தேசிய ஆய்வகம் ஒன்றில் 12 வார வேலை, வருடா வருடம் எல்லா ஃபெலோக்களும் கூடும் கூட்டம் என்று கம்ப்யூட்டேஷனல் சயின்ஸில் ஒரு மாணவரைத் தலைவராக வளர்க்க என்னென்ன வேண்டுமோ எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ வேண்டும். நமக்குக் கதவு சாத்தியிருக்கிறது. கார்ப்பென்ட்ரீஸில் யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. இந்தத் துறையில் மற்ற பல்கலைக்கழகங்களில் எனக்குத் தெரிந்த முகங்களில் பாதி அங்கே கிடைத்தவைதான்.

சரி, குறைகளுக்கு வருவோம்.

மிகப் பெரிய குறையை மேலேயே சொன்னேன். நிரலில் சிக்கிய மாணவரை எப்படி மீட்பது என்று இது சொல்லித்தரும். பேராசிரியருக்கும் ஜூனியருக்கும் நடுவில் நீங்கள் சிக்கினால் என்ன செய்வது என்று சொல்லித்தராது. ஒரு பேப்பரில் யார் பெயர் முதலில் வரும், ஆறு மாதமாக எதுவும் ஓடாமல் சோர்ந்துபோனவரிடம் என்ன பேசுவது, 'அக்கா, நான் மாஸ்டர்ஸோட முடிச்சுக்கலாம்னு இருக்கேன்' என்று ஒருவன் வந்து நின்றால் அவன் சொல்வதை எப்படிக் கேட்பது? எதுவும் இல்லை. அதற்கு வேறு பயிற்சி இருக்கிறது. விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தின் சைமர் மையம் உருவாக்கிய மென்டரிங் பாடத்திட்டத்தைப் பல பல்கலைக்கழகங்கள் நடத்துகின்றன. அதில் எதிர்பார்ப்புகளை முன்கூட்டியே பேசி எழுதிவைத்துக்கொள்வது, மாணவரைத் தன் காலில் நிற்கவிடுவது, அவர் எதிர்கால வேலையைப் பற்றிப் பேசுவது எல்லாம் வரும். சம்பவங்களைக் கொடுத்து விவாதிக்க வைப்பார்கள். எங்கள் லேபில் இப்போது கோடை மாணவரோடு முதல் நாளே ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொள்வது அங்கே கற்றதுதான்: வாரம் எத்தனை முறை சந்திப்பது, எவ்வளவு நேரம் தானே முயன்ற பிறகு கேட்பது, ராத்திரி மெசேஜ் அனுப்பலாமா கூடாதா. இரண்டில் ஒன்றுதான் எடுக்க முடியும் என்றால், முதல் மூன்று வருடத்தில் இருப்பவர்கள் கார்ப்பென்ட்ரீஸ் எடுங்கள், அதற்கு மேலே இருப்பவர்கள் சைமர் பாடம் எடுங்கள்.

இரண்டாவது குறை, பாடங்கள் எல்லாம் தொடக்க நிலைக்காரர்களுக்கு. எங்களைப் போல எம்பிஐ, ஜிபியு என்று அலைகிறவர்களுக்கு அதிகம் இல்லை. ஹெச்பிசி கார்ப்பென்ட்ரி என்ற பெயரில் கிளஸ்டர் பாடங்கள் இருக்கின்றன, ஸ்லர்ம் அறிமுகத்துக்கு நன்றாகவே இருக்கின்றன. அதற்கு மேல் நாமே எழுதிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, நேரம். பாடம் எடுக்கும் வேலைக்குச் சம்பளம் கிடையாது. ஒரு பயிலரங்கு என்றால் தயாரிப்போடு சேர்த்து ஒரு வாரம் போய்விடும். பேராசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். 'லேபுக்கு வருகிற புதியவர்களையும் அதே பயிலரங்கில் உட்கார வைக்கிறேன்' என்றால் பெரும்பாலும் தலையாட்டிவிடுவார்கள். என் ஆசிரியர் தலையாட்டியது அதற்காகத்தான்.

யார் எடுக்க வேண்டாம்? டிஏ (பாடம் நடத்த உதவும்) வேலையில் ஏற்கெனவே மூழ்கியிருப்பவர்கள், இந்த வருடம் தீசிஸ் சமர்ப்பிக்கிறவர்கள். சிவியில் ஒரு வரி சேர்க்க மட்டும் வருகிறவர்களும் வேண்டாம், அந்த ஒரு வரிக்கு இது அதிக வேலை.

இடம் கிடைப்பதற்கு எளிய வழி, உங்கள் பல்கலைக்கழகம் உறுப்பினராக இருக்கிறதா என்று விசாரிப்பது. பெரும்பாலும் நூலகத்திலோ கணினி மையத்திலோ தெரிந்திருக்கும். உறுப்பினர் நிறுவனங்களுக்கு இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள், கேட்க ஆள் இல்லாமல் அவை வீணாகப் போவதும் உண்டு. எனக்குக் கிடைத்தது அப்படி ஒன்றுதான். ஊரில் இருந்துகொண்டு சேர்கிறவர்கள் வகுப்பு எந்த நேர மண்டலத்தில் நடக்கிறது என்று பார்த்துப் பதியுங்கள். அமெரிக்கப் பகல் நேர வகுப்பு என்றால் நடுராத்திரி தாண்டும். எதுவும் கிடைக்காவிட்டாலும் பயிற்சியின் பாடத்திட்டம் முழுவதும் இணையத்தில் திறந்தே கிடக்கிறது. 37-ம் 15-ம் கணக்கும் அங்கேயே இருக்கிறது. லேபில் இரண்டு மூன்று பேராக உட்கார்ந்து வாரம் ஒரு பகுதி படித்தாலும் பாதிக்கு மேல் பலன் வந்துவிடும்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். டெமோவுக்கு எந்தப் பாடம் என்று கேட்பவர்களுக்கு: ஷெல் எடுங்கள். கிட் எடுத்தால், எந்தப் பகுதியைக் கொடுத்தாலும் ரெப்பாசிட்டரி (கிட் கவனிக்கும் ஃபோல்டர்) அதற்கு முந்தைய நிலையில் தயாராக இருக்க வேண்டும், அதைச் சரிசெய்வதற்குள் பாதி நிமிடங்கள் கரைந்துவிடும். டெர்மினலில் எழுத்தைப் பெரிதாக்கிவையுங்கள், ப்ராம்ப்ட்டைச் சுருக்கிவையுங்கள், வாட்ஸ்அப் வெப்பை மறக்காமல் மூடுங்கள்.